மெரினாவில் மணல், எண்ணூரில் கருங்கல்: கடல் அரிப்பைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

கடல் சீற்றம், வீடுகள் இடிந்தன, கல் கொட்டும் பணி தொடங்கியது. ஆண்டுதோறும் இந்த மூன்று செய்திகளும் வரிசையாக வந்துவிடுகின்றன. படிக்கும் நம்மிடமும் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: உலகம் சூடாகிறது, பனி உருகுகிறது, கடல் மட்டம் ஏறுகிறது, அதனால் கடல் ஊருக்குள் வருகிறது.

இதில் உண்மை உண்டு. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு சென்னையைப் பார்த்தால் கணக்கு உதைக்கும். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாவில், சாலையிலிருந்து தண்ணீரைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடுகிறது. அவ்வளவு மணல். அதே துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் போனால், நெடுந்தூரத்துக்குச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கல் குவியல்தான் தெரியும். ஊர் ஒன்று, கடல் ஒன்று, கடல் மட்டமும் ஒன்று. பிறகு ஏன் ஒரு பக்கம் கரை வளர்ந்தது, மறுபக்கம் தேய்ந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், கரையைக் காக்க அரசு செய்யும் வேலைகளில் எது பலன் தரும், எது தொல்லையை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும் என்பது தானாகவே விளங்கும்.

மணல் நடக்கிறது

நாம் நிற்கும் கடற்கரை மணல் அங்கேயே பிறந்து அங்கேயே கிடப்பது போலத் தோன்றும். உண்மையில் அது வழிப்போக்கன். இன்று உங்கள் காலடியில் இருப்பது போன மாதம் தெற்கே வேறோர் ஊரில் இருந்திருக்கலாம்.

வாசல் பெருக்குவதை நினைத்துப் பாருங்கள். துடைப்பத்தைச் சாய்த்துப் பிடித்துப் பெருக்கினால் குப்பை நேராகப் போகாது, ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். அலையும் இப்படித்தான். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து அலைகள் கரைக்குச் சாய்வாக வருகின்றன. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளிக்கொண்டு ஏறுகின்றன. இறங்கும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக இறங்கிவிடுகிறது. ஏறிய இடம் ஒன்று, இறங்கிய இடம் ஒன்று. ஒவ்வொரு அலைக்கும் மணல்துகள் ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்துவிடுகிறது. பத்து நொடிக்கு ஓர் அலை என்று கொண்டாலும் ஒரு நாளைக்கு 8,000-க்கு மேல். இப்படிக் கரையை ஒட்டி மணல் நகர்ந்துகொண்டே இருப்பதைக் கரையோர மணல் ஓட்டம் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சொல் இது ஒன்றுதான்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் இந்த ஓட்டத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடை வீசும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. எட்டு மாதம் வடக்கே, நான்கு மாதம் தெற்கே. வரவு செலவு பார்த்தால் நிகரமாக மணல் வடக்கே போகிறது. ஆண்டுக்கு எவ்வளவு? சென்னை, புதுச்சேரி கரைகளில் லட்சக்கணக்கான கன மீட்டர். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கன மீட்டர் என்பது 10,000 லாரி. அவ்வளவு மணல் நம் கண்ணெதிரே, நமக்குத் தெரியாமலே ஊர்வலம் போகிறது.

இதற்கு நம் ஊர் வாய்க்கால்தான் சரியான உவமை. தலைமடையில் ஒருவர் அடைத்தால் அவர் வயல் நிறையும், கடைமடை காயும். தண்ணீர் எங்கும் குறையவில்லை, வழியில் நின்றுவிட்டது. கரையோர மணல் ஓட்டத்தை நடுவில் எதையாவது கட்டி மறித்தால் நடப்பதும் இதுவே. கிழக்குக் கரையில் தலைமடை தெற்கே, கடைமடை வடக்கே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கரை ஒரு பருவத்தில் குறுகுவதெல்லாம் அரிப்பு ஆகாது. பெரிய அலைகள் அடிக்கும் மாதங்களில் கடல் கரை மணலை இழுத்துச் சென்று, சற்றுத் தள்ளித் தண்ணீருக்கு அடியில் மேடாகக் குவித்து வைக்கிறது. அந்த மேட்டில் மோதி அலைகள் முன்கூட்டியே உடைந்து வலுவிழக்கின்றன. கடல் அமைதியானதும் அதே மணல் மெல்லக் கரைக்குத் திரும்புகிறது. போனது திரும்பி வராமல் ஆண்டுக்காண்டு கரை பின்வாங்கினால்தான் அது கடல் அரிப்பு.

ஆக, இதுவரை: கடற்கரை என்பது ஓடிக்கொண்டிருக்கும் மணல். ஓர் ஊருக்கு வரும் மணலும் அங்கிருந்து போகும் மணலும் சமமாக இருக்கும்வரை கரை நிற்கும். போவது நடந்து வருவது நின்றால் கரை தேயும்.

மறித்தால் என்ன ஆகும்: சென்னையும் புதுச்சேரியும்

சென்னையில் இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. 1870-களின் நடுவில் கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்களைக் கட்டும் வேலை தொடங்கியது. அலைதடுப்புச் சுவர் என்றால், உள்ளே கப்பல்கள் ஆடாமல் நிற்பதற்காகக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் அணை. கப்பலுக்கு அது பாதுகாப்பு. வடக்கே நடந்துகொண்டிருந்த மணலுக்கு அது தடுப்பு.

தெற்கே மணல் சேரத் தொடங்கியது. அப்படிச் சேர்ந்த கரைக்குத்தான் 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினா என்று பெயர் வைத்தார். நாம் பெருமையாகச் சொல்லும் அந்த விரிந்த மணல்வெளியில் பெரும்பகுதி துறைமுகம் பிடித்து வைத்த மணல். வடக்கே போயிருக்க வேண்டிய பங்கு அது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருக்களும் வீடுகளும் சாலையும் கடலுக்குள் போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. மெரினாவில் நடக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அது பழைய காலம், அறியாமல் செய்தது என்று சொல்லலாம். புதுச்சேரிக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1986 முதல் 1989 வரை துறைமுகம் கட்டியபோது இந்த விளைவு எல்லாருக்கும் தெரியும். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடும் திட்டத்திலேயே இருந்தது. இதற்கு மணல் கடத்திவிடுதல் என்று பெயர்: மறிக்கப்பட்ட மணலைக் குழாய் வழியாகவோ தூர்வாரும் கப்பல் வழியாகவோ தடுப்பின் மறுபக்கம் சேர்ப்பது. சுவர்கள் எழுந்தன. மணலைக் கடத்திவிடும் வேலை தொடர்ச்சியாக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்துக்கு எதிரே இருந்த மணற்கரை போய், கடற்கரைச் சாலையின் ஓரம் கருங்கல் வரிசை வந்தது.

அதே 1986-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரத்தில் ஒரு முகத்துவாரத்தை இதேபோலச் சுவர் கட்டி நிலைப்படுத்தினார்கள். கூடவே நிரந்தரமான மணல் பம்புகளையும் வைத்தார்கள். மணல் ஒரு பக்கம் உறிஞ்சப்பட்டு மறுபக்கம் விடப்படுகிறது, அன்றிலிருந்து. புதுச்சேரியில் காகிதத்தில் நின்றுபோனது அங்கே நடைமுறைக்கு வந்தது. விசாகப்பட்டினத்திலும் துறைமுகத்தில் பிடிபடும் மணலைத் தூர்வாரி ராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டும் வழக்கம் இருக்கிறது. எனவே நம் நாட்டில் முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது.

துறைமுகம் மட்டுமா காரணம்?

இல்லை. கடற்கரைக்கு மணல் கொண்டுவரும் பெரிய வண்டிகள் ஆறுகள். அணைகள் தண்ணீரோடு மணலையும் தேக்கிவிடுகின்றன. காவிரியில் மேட்டூர் அணை 1934-ல் வந்தது. கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களிலும் இதே கதைதான். அணைக்குக் கீழே மிச்சமிருக்கும் ஆற்று மணலையும் அள்ளிவிடுகிறோம். புயல்கள் ஒரே இரவில் பல மாத வேலையைச் செய்துவிடும். கடல் மட்ட உயர்வு இவை எல்லாவற்றையும் இன்னும் மோசமாக்கும், வரும் பத்தாண்டுகளில் அதன் பங்கு கூடும். ஆனால் நம் கரையில் 'இந்த இடத்தில் ஏன், பக்கத்து ஊரில் ஏன் இல்லை' என்று கேட்டால், பெரும்பாலும் சற்றுத் தெற்கே ஒரு கட்டுமானம் நிற்கும்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் 6,907 கிலோமீட்டர் நிலப்பகுதிக் கரையைக் கணக்கிட்டது. அதில் 33.6 சதவீதம் தேய்கிறது, 26.9 சதவீதம் வளர்கிறது, மீதி நிலையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் தேய்வது 42.7 சதவீதம், புதுச்சேரியில் 56.2, மேற்கு வங்கத்தில் 60.5. தேயும் எண்ணையே எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வளரும் 26.9 சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடல் மட்டம் மட்டுமே காரணமாக இருந்தால் கால்வாசிக்கு மேல் கரை வளர்ந்திருக்காது.

அரசு முதலில் செய்வது: கல் கொட்டுதல்

வீடு இடிந்துகொண்டிருக்கும்போது வேறெதையும் யோசிக்க நேரமிருக்காது. லாரியில் கருங்கல் வரும், கரை நெடுகக் கொட்டுவார்கள். இது கடல் தடுப்புச் சுவர். கேரளத்தின் செல்லானத்தில் செய்ததுபோலச் சில இடங்களில் நான்கு கால் கொண்ட டெட்ராபாட் என்னும் கான்கிரீட் கட்டைகளை அடுக்குகிறார்கள். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அலையின் வேகத்தைச் சிதறடிக்கின்றன.

கல் சுவர் எதைக் காக்கிறது என்பதில்தான் பெரிய குழப்பம். அது தனக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கும். தனக்கு முன்னால் இருக்கும் மணலைக் காக்காது. மணற்சரிவில் ஏறும் அலை மெத்தையில் விழுந்த பந்துபோல வலுவை இழந்துவிடுகிறது. கல்லில் மோதும் அலை தரையில் விழுந்த பந்துபோல எகிறித் திரும்புகிறது. திரும்பும்போது சுவரின் அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. கரை செங்குத்தாகிறது, கற்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்குகின்றன, சில ஆண்டுகளில் மேலும் கல் கொட்ட வேண்டியிருக்கிறது. சுவர் முடியும் இடத்தில், கல் இல்லாத அடுத்த ஊர்க் கரையில் அரிப்பு தொடங்குகிறது. புதுச்சேரியின் கல் வரிசை வடக்கே நீள நீள, அரிப்பு எல்லையைத் தாண்டித் தமிழகத்தின் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது இப்படித்தான்.

மீனவர்களுக்கு இதில் இன்னொரு இழப்பு இருக்கிறது. அதை நகரத்து ஆட்கள் கவனிப்பதே இல்லை. அவர்களுக்கு மணற்கரை என்பது வேலை செய்யும் இடம். படகை இழுத்து ஏற்றி வைப்பது, கரைவலை இழுப்பது, வலையைப் பிரித்துச் சரிசெய்வது, கருவாடு காயப்போடுவது, ஏலம் விடுவது எல்லாம் அந்த மணலில்தான். கல் வந்துவிட்டால் படகு ஏறாது, கரைவலைக்கு இடமில்லை. வீடு மிஞ்சும், தொழில் பக்கத்து ஊர்க் கரைக்கோ துறைமுகத்துக்கோ போய்விடும். இருந்தாலும் கல் கேட்டுச் சாலை மறியல் செய்வதும் அவர்கள்தான். வீட்டுச் சுவர் பிளக்கும்போது வேறென்ன கேட்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

தூண்டில் வளைவு

மீனவ கிராமங்களில் எந்தத் தேர்தல் கூட்டத்துக்குப் போனாலும் காதில் விழும் கோரிக்கை 'தூண்டில் வளைவு அமைத்துத் தர வேண்டும்' என்பது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் குட்டைக் கல் அணைகள் இவை. சில இடங்களில் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். வரிசையாகச் சிலவற்றைக் கட்டினால், இரண்டு அணைகளுக்கு நடுவில் மணல் தங்கும், படகு கட்ட இடமும் கிடைக்கும். வடசென்னைக் கரையில் 2000-களில் சென்னை ஐஐடியின் வடிவமைப்பில் கட்டியவற்றில் மணல் சேர்ந்ததும் உண்மை.

ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. போகும் மணலைப் பிடித்து வைக்கிறது. மீண்டும் வாய்க்கால் கதைதான்: இந்த ஊர் பிடித்தது அடுத்த ஊரின் பங்கு. அங்கே அரிக்கும், அவர்களும் தூண்டில் வளைவு கேட்பார்கள், நியாயமாகவே கேட்பார்கள். இப்படிக் கரை முழுக்கக் கல் பல் முளைத்துக்கொண்டே போகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, முழுக் கரைக்கும் மேலாண்மைத் திட்டம் போடாமல் தனித்தனியாகத் தூண்டில் வளைவுகள் கட்டக் கூடாது என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

சுருக்கமாக: கல் சுவர் நிலத்தைக் காத்து மணலை இழக்கிறது. தூண்டில் வளைவு இந்த ஊர் மணலைக் காத்து அடுத்த ஊர் மணலைக் குறைக்கிறது. இரண்டுமே கணக்கில் புது மணலைச் சேர்ப்பதில்லை.

தண்ணீருக்கு அடியில் ஒரு வேகத்தடை

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வேறொரு வழியை முயன்றது. கரையில் கல் கொட்டுவதற்குப் பதிலாகச் சற்றுத் தள்ளி, கடலுக்கு அடியில் ஒரு திட்டு அமைப்பது. மேலே பார்த்த இயற்கையான மணல் மேட்டின் வேலையை இது செய்கிறது: சாலையில் வேகத்தடை மாதிரி, பெரிய அலைகளை முன்கூட்டியே உடைத்துவிடுகிறது. கரைக்கு வருவது வலுக்குறைந்த அலை. அது மணலை இழுத்துச் செல்வதைவிடப் போட்டுவிட்டுப் போவது அதிகம்.

கடலூர் பெரியகுப்பத்தில் (இது கடலூர் மாவட்டம் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்து மீனவ கிராமம்) மணல் நிரப்பிய பிரமாண்டமான செயற்கை இழைத் துணிக்குழாய்களை அடியில் கிடத்தி அப்படி ஒரு திட்டு அமைத்தார்கள். புதுச்சேரியில் 2018-ல் ஆப்பு வடிவ எஃகுப் பெட்டகம் ஒன்றை நகரத்துக்கு எதிரே, தலைமைச் செயலகம் இருக்கும் பகுதியில் மூழ்கவைத்தார்கள். துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். பல ஆண்டுகளாகக் கல்லை மட்டுமே பார்த்த அந்த இடத்தில் மணல் திரும்பி வந்தது. குழந்தைகள் மணலில் விளையாடுவதைக் கடற்கரைச் சாலையில் மறுபடி பார்க்க முடிந்தது. எனக்கு இது மிகவும் நம்பிக்கை தந்த செய்தி.

இங்கே வேலை செய்தவை இரண்டு: திட்டு, கொட்டிய மணல். தேய்ந்த கரையில் வெளியிலிருந்து மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதைக் கரைக்கு மணலூட்டுதல் என்கிறார்கள். நெதர்லாந்து இதைத் தேசியக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. 2011-ல் ஹேக் நகருக்கு அருகே ஒரே இடத்தில் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டி, அதைக் கரை நெடுகப் பரப்பும் வேலையை அலைகளிடமே விட்டுவிட்டார்கள். மணலூட்டுதல் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும், அதற்குச் செலவாகும். கல் சுவருக்கும் திரும்பத் திரும்பச் செலவாகிறது, அதை மட்டும் பராமரிப்பு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

கல்லும் மணலும் இல்லாத காப்பு

மணற்குன்றுகள் கரையின் சேமிப்புக் கணக்கு. புயல் வரும்போது கடல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், அமைதிக் காலத்தில் காற்று திருப்பிக் கட்டும். அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கும். கடல் தெரியும் வீடு வேண்டும் என்று குன்றைச் சமப்படுத்தினால் சேமிப்பு போய்விடும்.

இதற்காகத்தான் 1991-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011-லும் 2019-லும் புதுப்பித்தார்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று அது சொல்கிறது. உயர் அலைக்கோடு என்றால் பெரிய ஓதத்தின்போது தண்ணீர் ஏறித் தொடும் எல்லை. கிராமப்புறங்களில் அங்கிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பக் கூடாது என்பது முதலில் இருந்த பொது விதி. மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப் பகுதிகளில் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. தேயும் கரையில் இந்தத் தளர்வு தவறு என்பது என் கருத்து. 50 மீட்டர் தேய்ந்துபோன கரைகளை நாம் ஏற்கனவே பார்த்துவிட்டோம்.

சில இடங்களில் விலகிப் போவதைத் தவிர வழியில்லை. ஒடிசாவின் சதபாயா மக்களை அரசு பகபாட்டியாவில் குடியமர்த்தியது. கேரளத்தின் புனர்கேகம் திட்டத்தில், அலைக்கோட்டுக்கு 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் இடம் மாற 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 15-ஆவது நிதி ஆணையமும் அரிப்பைத் தடுக்க 1,500 கோடி, இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த 1,000 கோடி என 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குத் தனியாகப் பரிந்துரைத்தது. கடலிலிருந்து தூரத்தில் வீடு கிடைத்தால் மீனவர் எப்படித் தொழில் செய்வார் என்பதற்குப் பதில் இல்லாத இடமாற்றம் பாதி வேலைதான்.

யார் பொறுப்பு?

கடல் அரிப்பைத் தடுப்பது மாநில அரசின் வேலை. தமிழ்நாட்டில் கல் சுவர் கட்டுவது நீர்வளத் துறை, மீன்பிடித் துறைமுகமும் தூண்டில் வளைவும் மீன்வளத் துறை, அனுமதி சுற்றுச்சூழல் துறை வழியாக, பெரிய துறைமுகங்கள் மத்திய அரசிடம். ஒவ்வொருவரும் தங்கள் துண்டைப் பார்க்கிறார்கள். மணலோ எல்லாத் துண்டுகளையும் கடந்து போகிறது. ஒரே மணல் சுற்றிவரும் கரை நீளத்தை மணல் வட்டம் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் போட வேண்டிய அலகு அதுதான். மாவட்ட எல்லையோ, புதுச்சேரிக்கும் தமிழகத்துக்கும் நடுவில் இருக்கும் எல்லையோ அலகாக இருக்க முடியாது.

உங்கள் ஊர்க் கரையில் கல் லாரி வந்து நின்றால், அல்லது தூண்டில் வளைவு அறிவிப்பு வந்தால், கிராம சபையிலோ கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ இவற்றைக் கேட்கலாம். இங்கே வர வேண்டிய மணல் தெற்கே எங்கே நின்றுபோனது? அதை எடுத்து இந்தப் பக்கம் கொட்டினால் ஆண்டுக்கு எவ்வளவு செலவு, கல்லுக்கு எவ்வளவு செலவு? இதைக் கட்டி முடித்தபின் படகை எங்கே ஏற்றுவது? அப்புறம், வடக்கே இருக்கும் ஊரிடம் கேட்டீர்களா?